தாலுகா அலுவலகமும் பிரதேச செயலகமும்

முன்பெல்லாம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் அரியலூர் மாவட்டத்துச் செந்துறை, பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அலைச்சல் தொடங்கிவிடும். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வைப் பிடித்து, வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யைப் பிடித்து, தாசில்தார் கையெழுத்துக்குக் காத்திருந்தால் கூலி வேலைக்குப் போகும் அப்பாவின் ஒரு வாரச் சம்பளம் போய்விடும்.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களைக் கணினிவழி தரும் மின் மாவட்டத் திட்டத்தை முதலில் சோதித்துப் பார்த்த மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் உண்டு. கணினியைக் கொண்டுவந்தவர்கள் அந்த அலைச்சலையே குறிவைத்தார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்ற வரிசை மாறவில்லை. மனு மட்டும் இ-சேவை மையத்திலிருந்து அவர்கள் திரைக்குத் தானே போகிறது. தாசில்தார் மின்னணுக் கையொப்பம் இடுகிறார். மனு யாரிடம் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. வருவாய்த் துறையின் வேலையும் கணினியின் வேலையும் ஒன்றாகப் பொருந்திய இடம் இது.

மின் ஆளுமைக்குள் இலங்கை வேறு வாசலால் நுழைந்தது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் பிறந்தது. அரச அலுவலகங்களை இணைக்கும் வலையமைப்பு, ஊர்தோறும் நெனசல எனும் அறிவகங்கள், 1919 என்ற தகவல் எண் என, மக்களை இணையத்தின் பக்கம் கொண்டுவருவதே முதல் வேலையாக இருந்தது. நெனசலவுக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. ஆனால் மையம் திறந்த வேகத்தில் அதன் பின்னால் இருந்த அலுவலகங்கள் மாறவில்லை. கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழுக்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் என்ற நடைமுறை நீண்ட காலம் தொடர்ந்தது.

பிறப்பு, இறப்பைப் பதியும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் கதை மாறியது. பழைய பதிவேடுகளைப் படியெடுத்துக் கணினியில் ஏற்றியதால், மட்டக்களப்பில் பிறந்தவர் கொழும்பிலிருந்தே பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெறலாம். போரில் இடம்பெயர்ந்து பத்திரங்களை இழந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஏற்கெனவே உள்ள பதிவை மறுபடி பயன்படுத்தும் விஷயத்தில் இலங்கையே ஒரு படி மேல் என்பேன். தமிழ்நாட்டில் நாம் சான்றிதழை விரைவாகத் தருகிறோம்; கேட்பதைக் குறைக்கவில்லை. அண்ணனுக்குச் சாதிச் சான்றிதழ் தந்த அதே தாலுகா, தங்கையிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறது. வருவாய்த் துறையின் பதிவைக் கல்லூரியே நேரடியாகப் பார்த்துக்கொண்டால் அந்தப் பெண் இ-சேவை மையத்துக்கே போக வேண்டாம். முன்னோடியாக நின்ற பெரம்பலூரும் அரியலூரும் அதையும் முதலில் செய்து காட்டட்டும். எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்ற கணக்கை விட்டு, எத்தனை பேரை வரவிடாமல் காத்தோம் என்று இரு ஆட்சியர் அலுவலகங்களும் எண்ணத் தொடங்க வேண்டும்.