மெனொய்க்கியஸுக்கு எழுதிய மடல்: எபிக்யூரஸின் வாழ்க்கை நெறி குறித்த ஒரு மதிப்பீடு

எபிக்யூரஸ் (கி.மு. 341 - கி.மு. 270) மெனொய்க்கியஸ் என்பவருக்கு எழுதிய மடல், நன்றாக வாழ்வது எப்படி என்னும் கேள்விக்குப் பண்டைக் கிரேக்கர் தந்த விடைகளுள் மிகச் சுருக்கமானவற்றுள் ஒன்று. அரிஸ்டாட்டில் இதே கேள்வியை நிக்கோமாக்கிய அறவியலில் பத்துப் பகுதிகளாக விரித்தார். எபிக்யூரஸின் மடலை ஒரே இருப்பில் படித்து முடித்துவிடலாம். ஆனால் படித்து வைத்துவிடுவதற்காக அது எழுதப்படவில்லை. இதில் உள்ளவற்றை இரவும் பகலும், தனியாகவும் தன்னைப் போன்ற ஒருவரோடு சேர்ந்தும் சிந்தித்துப் பழகும்படி மடலின் இறுதியில் அவர் கேட்டுக்கொள்கிறார். மெய்யியல் கற்பதற்கு இளையவர் காலம் தாழ்த்த வேண்டாம், முதியவர் சலிக்க வேண்டாம் என்று அதன் தொடக்கம் அமைகிறது.

எபிக்யூரஸ் ஏறத்தாழ 300 சுருள்கள் எழுதியதாக டையோஜெனிஸ் லாயர்ஷியஸ் குறிப்பிடுகிறார். அவற்றுள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. மெய்யியலாளர்களின் வரலாற்றைத் தொகுத்த இவர் தம் நூலின் பத்தாவது பகுதியில் எபிக்யூரஸின் மூன்று மடல்களையும் 40 தலைமைக் கோட்பாடுகளையும் முழுமையாகப் படியெடுத்துச் சேர்த்ததால் அவை தப்பின. இவற்றோடு 1888இல் வத்திக்கான் ஏட்டுப்பிரதி ஒன்றிலிருந்து 81 கூற்றுகள் கிடைத்தன. எழுதியவற்றின் அளவோடு ஒப்பிட்டால் எஞ்சியது கைப்பிடியளவுதான்.

இன்பம் என்னும் சொல்

இன்பமே நல்வாழ்வின் தொடக்கமும் முடிவும் என்கிறது மடல். எபிக்யூரஸின் பெயர் கெட்டது இந்த ஒரு தொடரால்தான். தாந்தே தம் நரகத்தின் பத்தாம் காண்டத்தில் அவரையும் அவர் வழிவந்தோரையும் நெருப்புக் கல்லறைகளில் கிடத்தினார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அவர் பெயரிலிருந்து பிறந்த சொல் உணவுச் சுவையில் திளைப்பவரைக் குறிக்கிறது. தமிழில் படிப்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் பழகிய காதுக்கு இன்பம் என்றால் முதலில் காமமே நினைவுக்கு வரும். எபிக்யூரஸ் சொன்ன ‘ஹெடொனே’ அந்த வரிசையில் நிற்பதன்று.

அவர் கணக்கில் உடலில் நோவு இல்லாமையும் உள்ளத்தில் கலக்கம் இல்லாமையும் சேர்ந்ததே இன்பத்தின் உச்சம். குடியும் விருந்தும் காமமும் மீன் வகைகள் நிறைந்த மேசையும் இனிய வாழ்வைத் தருவதில்லை என்று மடலே வெளிப்படையாகக் கூறுகிறது. ஆசைகளை அது பிரிக்கிறது. சில இயல்பானவை, தேவையானவை; சில இயல்பானவை, ஆனால் தேவையற்றவை; சில வெறும் எண்ணத்தில் தோன்றியவை. பசிக்கு உணவு முதல் வகை. சுவையான உணவு இரண்டாம் வகை. சிலை வைத்துக்கொள்ளும் ஆசை மூன்றாம் வகை. முதல் வகைக்கு எல்லை உண்டு, எளிதில் கிடைக்கும். மூன்றாம் வகைக்கு எல்லையே இல்லை.

இந்த வரையறைக்கு அன்றே எதிர்ப்பு இருந்தது. நோவின்மையை இன்பம் என்றால் அது உறங்குபவரின் நிலை என்று அரிஸ்டிப்பஸ் வழிவந்த சைரீனியர் கேலி செய்தனர். சிசரோ தம் அறவியல் நூலின் இரண்டாம் பகுதியில் இதையே நீட்டி வாதிட்டார். தாகம் கொண்டவர் நீர் குடிக்கும்போது அடைவதும் தாகம் தீர்ந்தபின் இருப்பதும் இரு வேறு நிலைகள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது சொற்குழப்பம் என்பது அவர் வாதம். சொல்லளவில் சிசரோ சொல்வது சரி. ஆனால் பல்வலி நின்ற மறுநாள் காலையை அறிந்தவருக்கு எபிக்யூரஸ் எதைச் சுட்டுகிறார் என்பது விளங்காமல் போகாது. அந்தக் காலையை நாள்தோறும் உணரும் பயிற்சியைத்தான் அவர் கற்பிக்க முயல்கிறார்.

முற்றுகைக் காலத்து மொச்சை

ரொட்டியும் நீரும் போதும் என்று எழுதுவது வயிறு நிறைந்தவருக்கு எளிது என்னும் ஐயம் எழலாம். எபிக்யூரஸைப் பொறுத்தவரை அந்த ஐயம் நிற்காது. அவர் ஏதென்ஸில் வாழ்ந்த பத்தாண்டுகள் அலெக்சாண்டருக்குப் பின் வந்த தளபதிகள் அந்நகரை மாறிமாறிப் பந்தாடிய காலம். கி.மு. 306 அளவில் நகர மதிலுக்கு வெளியே தம் ‘தோட்டம்’ பள்ளியை அவர் நிறுவினார். கி.மு. 295-294இல் டெமெட்ரியஸ் ஏதென்ஸை முற்றுகையிட்டான். அப்போதைய பஞ்சத்தைப் புளூட்டாக் விவரிக்கிறார். கூரையிலிருந்து விழுந்த செத்த எலிக்காகத் தந்தையும் மகனும் அடித்துக்கொண்டார்களாம். அதே பத்தியில் இன்னொரு செய்தியும் வருகிறது: எபிக்யூரஸ் மொச்சைக்கொட்டைகளை எண்ணி எண்ணித் தம்மோடு இருந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்து அவர்களைக் காப்பாற்றினார்.

புளூட்டாக் எபிக்யூரஸின் அன்பர் அல்லர்; அவரைத் தாக்கியே பல நூல்கள் எழுதியவர். அவர் வாயிலிருந்து வருவதால் இச்செய்திக்கு எடை கூடுகிறது. தேவையானது எது என்ற கேள்வி அந்தத் தோட்டத்தில் வெறும் வகுப்பறைக் கேள்வியாக இருக்கவில்லை.

மரணம் பற்றிய வாதம்

மடலின் புகழ்பெற்ற பகுதி மரணம் குறித்தது. நன்மையும் தீமையும் உணர்வில்தான் உள்ளன. மரணம் என்பது உணர்வு அற்றுப்போவது. ஆகவே அது நமக்கு ஒரு பொருட்டன்று. நாம் இருக்கும்வரை அது இல்லை, அது வந்தபின் நாம் இல்லை. இதுவே வாதத்தின் எலும்புக்கூடு. ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் இதனோடு இன்னொரு வாதத்தைச் சேர்த்தார். நாம் பிறப்பதற்கு முன் கழிந்த முடிவில்லாக் காலம் நம்மை வருத்துவதில்லை. இறந்தபின் வரும் காலமும் அப்படியே.

இந்தப் பகுதியைத் தனியே கிள்ளி எடுத்து ஆறுதல் மொழியாக வழங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. இது எபிக்யூரஸுக்குச் செய்யும் அநீதி, படிப்பவருக்கும் அநீதி. அவர் வாதம் நிற்பது அணுக்கொள்கையின் மேல். உயிர் என்பது நுண்ணிய அணுக்களின் சேர்க்கை, உடல் அழியும்போது அதுவும் கலைந்துவிடும் என்பதை ஹெரோடோட்டஸ் என்னும் மாணவருக்கு எழுதிய மடலில் அவர் விளக்குகிறார். (வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வேறு.) விண்ணில் நிகழ்பவை பற்றிய அச்சமும் மரண அச்சமும் இல்லையென்றால் நமக்கு இயற்கை ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது என்று தலைமைக் கோட்பாடுகளில் அவர் சொல்வதும் இதனால்தான். மறுமையில் நம்பிக்கை உடைய ஒருவர் இவ்வாதத்தை ஏற்க இயலாது. அவர் ஏற்றால் முடிவை மட்டும் கடன் வாங்குகிறார், அதன் அடித்தளத்தை விட்டுவிடுகிறார்.

அடித்தளத்தை ஏற்றுக்கொண்டவருக்கும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இறந்துகிடக்கும் நிலை பற்றிய அச்சத்தை இவ்வாதம் தீர்க்கிறது என்றே கொள்ளலாம். வேறோர் அச்சம் உண்டு, இழப்பு பற்றியது. இருபது வயதில் இறப்பவருக்கு எது பறிபோகிறது என்ற கேள்வியை அது தொடவில்லை. தாமஸ் நேகல் 1970இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். மரணம் தீமையாவது அது தரும் நிலையால் அன்று, அது பறிக்கும் வாழ்வினால் என்பது அவர் கருத்து. எபிக்யூரஸிடம் இதற்கு ஒரு விடை உண்டு: கலக்கமின்மையை அடைந்தவருக்கு இன்பம் முழுமை அடைந்துவிட்டது, காலம் நீள்வதால் அது கூடுவதில்லை. தர்க்கம் பொருந்துகிறது. ஆனால் அந்த முழுமையை எட்டாமலே இறப்பவர்களுக்கு இது விடை ஆகாது. எட்டாதவர்களே எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்காகத்தானே மடல் எழுதப்பட்டது?

மெட்ரோடோரஸின் பிள்ளைகள்

இதைவிடக் கடினமான இடம் மற்றவரின் மரணம். என் மரணத்தை நான் சந்திக்கப்போவதில்லை. என் நண்பரின் மரணத்தைச் சந்தித்தே ஆக வேண்டும். அதைப் பற்றி மெனொய்க்கியஸ் மடலில் ஒரு சொல்லும் இல்லை. நட்பைப் பற்றியும் அது தனியே பேசுவதில்லை. வாழ்வுக்கு அறிவு சேர்க்கும் நலன்களுள் நட்பே தலையானது என்று தலைமைக் கோட்பாடுகளில் எழுதியவர் இங்கே ஏன் மௌனமானார் என்பது வியப்பாக உள்ளது.

வத்திக்கான் கூற்றுகளில் ஒன்று பயனிலிருந்தே நட்பு தொடங்குகிறது என்கிறது. அதன் முற்பாதியில் ஏட்டுப்பிரதி தரும் பாடப்படி நட்பு தன்னளவில் ஒரு ‘அரெத்தே’, அதாவது மாண்பு. ஜெர்மானிய அறிஞர் உசேனர் ஓர் எழுத்தைச் சேர்த்து அதை ‘ஹைரெத்தே’ என்று திருத்தினார். தன்பொருட்டே விரும்பத்தக்கது என்று பொருள். பதிப்பாசிரியர் பலர் இத்திருத்தத்தை ஏற்றுள்ளனர். ஏற்றால் எபிக்யூரஸின் அமைப்பில் ஒரு விரிசல் விழுகிறது. இன்பம் ஒன்றே தன்பொருட்டு விரும்பத்தக்கது என்றவர் நட்பையும் அப்படியே விரும்பலாம் என்று சொல்லிவிட்டதாக ஆகும். ஓர் எழுத்தில் ஒரு கோட்பாடே ஆட்டம் காண்பது ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்குப் புதிதன்று.

அந்த விரிசல் ஏட்டில் மட்டும் இல்லை, வாழ்விலும் இருந்தது. எபிக்யூரஸ் சிறுநீரகக் கல்லால் 14 நாள் துன்பப்பட்டுத் தம் 72ஆம் வயதில் இறந்தார். கடைசி நாளில் இடோமெனியஸ் என்ற நண்பருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். வலி இதற்குமேல் கூட முடியாத அளவில் இருக்கிறது, நாம் உரையாடியவற்றின் நினைவால் மனத்தில் உள்ள மகிழ்ச்சி அதற்கு ஈடு கொடுக்கிறது என்பது அதன் சாரம். முடிவில் ஒரு வேண்டுகோள்: தமக்கு முன்பே இறந்துவிட்ட நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிசரோ இக்கடிதத்தை எடுத்துக்கொண்டு எபிக்யூரஸைக் குறுக்கு விசாரணை செய்கிறார். மரணத்துக்குப்பின் ஒன்றுமில்லை என்றால் அந்தப் பிள்ளைகளின் எதிர்காலம் உமக்கு என்ன இன்பம் தரும்? உயிலில் உம் பிறந்தநாளை ஆண்டுதோறும் கொண்டாடச் சொன்னது யாருக்காக? வழக்குரைஞருக்கே உரிய கூர்மையான கேள்விகள். கடிதத்தின் மேன்மையை அவர் மறுக்கவில்லை. எழுதியவரின் கொள்கையோடு அது ஒட்டவில்லை என்பதே அவர் குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை. இன்பத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அந்தக் கடைசி வேண்டுகோளுக்கு முழுமையான விளக்கம் கிடைப்பதில்லை. ஆனால் இதைக்கொண்டு எபிக்யூரஸைக் கைவிடச் சொல்வது பொருந்தாது. நண்பர்களின் இறப்பில் அழுவதையே ஒழிக்க வேண்டும் என்போரை எபிக்யூரியர்கள் மறுத்தார்கள், அத்தகைய உணர்வின்மை கொடுமையான மனத்திலிருந்து வருவது என்றார்கள் என்று புளூட்டாக்கே பதிவு செய்துள்ளார். கோட்பாடு குறுகலாக இருந்தது. அதை வாழ்ந்தவர்கள் அவ்வளவு குறுகலாக இருக்கவில்லை. மடலைப் படிப்பவர் அதனோடு அந்தக் கடைசிக் கடிதத்தையும் சேர்த்துப் படிக்காவிட்டால் அரை எபிக்யூரஸையே அறிவார்.

உயிலைப் பற்றி இன்னொன்று. அதில் மைஸ், நிக்கியாஸ், லைக்கோன், ஃபைட்ரியோன் என்னும் நான்கு அடிமைகளை அவர் விடுவித்தார். பெண்களையும் அடிமைகளையும் தோட்டத்தில் சேர்த்துக்கொண்டார் என்று அவரைப் போற்றுவோர் இந்த விடுதலை அவர் இறந்தபிறகே வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மறைந்து வாழ்தல்

‘கவனம் பெறாமல் வாழ்’ என்பது எபிக்யூரியர்களின் முழக்கங்களுள் ஒன்று. அரசியல் கலக்கம் தரும். கலக்கம் வேண்டாதவர் அதிலிருந்து விலகி நிற்கட்டும் என்பது அதன் பொருள். இதை மறுக்கப் புளூட்டாக் தனிக் கட்டுரையே எழுதினார். முற்றுகையைத் தடுக்க முயல்வோர் இல்லாத ஊரில் மொச்சையைப் பங்கிட்டு எத்தனை நாள் காலம் தள்ள முடியும் என்று இன்றைய வாசகரும் கேட்கலாம். எபிக்யூரஸின் நெறியில் மிகவும் பலவீனமான பகுதி இதுவே. தோட்டத்தின் அமைதி வேறு யாரோ காத்த மதிலை நம்பியிருந்தது.

அவர் மாணவர் வழியில் வந்த ஒருவரே இதைத் தம் போக்கில் மீறினார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்மேற்கில் இருந்த ஒய்னோஆண்டா நகரில் வாழ்ந்த டையோஜெனிஸ் என்ற முதியவர் எபிக்யூரஸின் போதனைகளை ஒரு பெரிய மதில் முழுவதும் கல்வெட்டாகப் பொறித்து ஊர் நடுவே நிறுத்தினார். தவறான எண்ணங்கள் கொள்ளைநோய் போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகின்றன, இனிப் பிறக்கப்போகிறவர்களும் நம்மவர்களே, அயலூரிலிருந்து வருவோருக்கும் உதவுவது கடமை என்று காரணம் காட்டுகிறார். தாம் இறந்தபின் வரப்போகும் முகமறியாதவர்களுக்காகச் செலவு செய்த இந்த எபிக்யூரியரைச் சிசரோ பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று தெரியாது. மதில் பிற்காலத்தில் இடிக்கப்பட்டு அதன் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டன. 1884இல் முதல் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டதிலிருந்து இதுவரை சுமார் 300 துண்டுகள் கிடைத்துள்ளன. பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.