பான்போவின் மீன்முகக் கிண்ணம்

சீன நகரமான ஷியான் என்றதும் பலருக்கும் பேரரசரின் சுடுமண் வீரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எனக்கு அந்த நகரின் கிழக்கே, சான் ஆற்றங்கரையில் கிடைத்த ஒரு மண் கிண்ணம். 1953இல் கட்டுமான வேலைக்குத் தோண்டியபோது, ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஊர் ஒன்று அங்கே வெளிப்பட்டது. பான்போ என்று பெயர். தினை விதைத்து, ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் வீட்டுத் தளங்கள், தானியக் குழிகள், ஊரைச் சுற்றி ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் அகழி. அகழ்ந்த குழிகளின் மேலேயே 1958இல் கூரையிட்டு அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள்.

கிண்ணத்துக்கு வருவோம். சக்கரம் சுழற்றாமல் கையாலேயே வனைந்தது. வாய் விட்டம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். செம்மண் நிறத்தில் கறுப்புத் தீட்டல், அதுவும் உட்சுவரில். எதிரெதிராக இரண்டு முகங்கள். நடுவே இரண்டு மீன்கள், ஒன்றையொன்று துரத்துவதுபோல் வளைவைச் சுற்றி நீந்துகின்றன. மீனுக்கு ஒரு முக்கோணத் தலை, செதிலுக்குக் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள். அவ்வளவில் நிறுத்திய கையின் அடக்கத்தை என்னவென்று சொல்வது! முகமோ முழு வட்டம். தலையில் கூம்பு அணி, வாயின் இரு கடையிலும் மீன்கள், காதருகிலும் மீன்கள். கண்கள் மட்டும் மெல்லிய இரண்டு கீற்றுகள், மூடியிருக்கின்றன. குலச்சின்னம் என்பாரும் பூசாரியின் கோலம் என்பாரும் உண்டு. எனக்கு அந்தக் கண்மூடலே போதும். நெற்றியின் கறுப்புக்குக் கீழே அத்தனை அமைதி.

இதன் முழு நயமும் கிண்ணம் இருந்த இடத்தில்தான் விளங்கும். பான்போவில் இறந்த பெரியவர்களைப் பெரும்பாலும் அகழிக்கு அப்பால் புதைத்தார்கள். குழந்தைகளைத் தாழியில் இட்டு, வீடுகளின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். தாழியின் வாயை இப்படிப்பட்ட கிண்ணங்களைக் கவிழ்த்து மூடினார்கள். கவிழ்த்ததும் ஓவியம் குழந்தையின் பக்கம் போய்விடுகிறது. வெளியே நின்ற தாய்க்குத் தெரிந்தது வெறும் செம்மண் அடிப்பாகம். கண்மூடிய முகமும் சுற்றிவரும் மீன்களும் உள்ளே இருந்த பிள்ளைக்கு மட்டும்.

இப்படி மூடியாக வைத்த கலங்கள் பலவற்றின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உயிர் வெளியே போய்வர விட்ட வழி என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன்; வீட்டருகே வைத்துக்கொண்டவர்கள் கதவை அடைத்திருக்க மாட்டார்கள்.

மீன்முகக் கிண்ணங்களில் புகழ்பெற்றது இப்போது பெய்ஜிங்கில் சீன தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் விளிம்பையும் பாருங்கள். சீரான இடைவெளியில் கறுப்புக் குறிகள் வட்டத்தைப் பங்கிட்டிருக்கின்றன. முகம் எங்கே, மீன் எங்கே என்று அளந்த பிறகே தூரிகை இறங்கியிருக்கிறது.