காயமும் கயிறும்

பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள், சென்ற விடுமுறையில் மூன்று ஆங்கில நாவல்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். சூசன் காலின்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை 2008 முதல் 2010 வரை வருஷத்துக்கு ஒன்றாக வெளியிட்ட 'ஹங்கர் கேம்ஸ்' வரிசை. "கடைசிப் புத்தகம் மட்டும் நன்றாயில்லை, சித்தப்பா. ஜெயித்த பிறகும் அவள் அழுதுகொண்டே இருக்கிறாள்" என்றாள்.

வாலிபர்களுக்கென்று எழுதப்படும் இத்தகைய நாவல்களில் வருங்காலம் ஒரு கொடுங்கனவாக வரும். இந்தக் கதையில் 12 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் 24 பேரை ஆண்டுதோறும் ஒருவரையொருவர் கொல்லவிட்டு, தலைநகரத்தார் வேடிக்கை பார்க்கிறார்கள். காட்னிஸ் என்ற பெண் தங்கைக்குப் பதிலாகத் தானே போய்ப் பிழைத்து வருகிறாள். பின்னால் புரட்சியும் வெல்கிறது. ஆனால் எந்தத் தங்கைக்காகப் போனாளோ, அந்தத் தங்கை மாண்டுபோகிறாள்.

எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் புத்தகம்தான். காரணம் அரியலூரில் இருக்கிறது.

1956 நவம்பர் 23-ம் தேதி விடியற்காலையில், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமுற்று, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்குமேல் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சரித்திரத்தில் அத்தியாயம் முடிந்தது. என் பாட்டனாருக்கு முடியவில்லை. உடல்களைக் கரையேற்றப் போனவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் ஆயுசு பூராவும் அவர் ரயில் ஏறவில்லை. கார்த்திகை மாசத்து மழை ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்து விடியும்வரை கயிறு திரித்துக்கொண்டிருப்பார். நான் ஏன் என்று கேட்டதற்கு, "கைக்கு வேலை இருந்தா காதுக்கு ஒண்ணும் கேக்காதுடா" என்றார்.

காட்னிஸ் மாண்டவர்களைப் பற்றி ஒரு நினைவுப் புத்தகம் தயாரிக்கிறாள். கெட்ட நாட்களில், தான் கண்ட நல்ல காரியங்களை மனசுக்குள் வரிசையாக எண்ணிப் பார்க்கிறாள். அதுவும் கயிறு திரிப்பதுதான். எதிரிகளால் ஞாபகம் கெடுக்கப்பட்ட பீட்டா, இது நடந்ததா இல்லையா என்று பக்கத்திலிருப்பவர்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிகிறான். தனியாக யாரும் குணமாவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. காட்னிஸ் மெல்ல மெல்லத் தேறிய நீண்ட வருஷங்களை ஆசிரியை சில பக்கங்களில் தாண்டிவிடுகிறார். நாவலாசிரியருக்கு உண்மையான வேலை அங்கேதான் இருந்தது. என்றாலும் வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) போல, பயத்தை மார்க் வாங்கித் தாண்டும் பரீட்சையாக இவர் ஆக்கவில்லை.

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) நாவலில், ஊரார் தங்கள் துயர ஞாபகங்களையெல்லாம் ஒரே ஒருவர் தலையில் சுமத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டிலும் அதைத்தானே செய்தோம்! பாட்டனாரைத் திண்ணையில் விட்டுவிட்டு, மழைச்சாரல் படாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டோம்.

இந்தக் கதையை அண்ணன் மகளிடம் சொன்னேன். கொள்ளுத் தாத்தாவைப் பற்றி அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அந்தக் கடைசிப் புத்தகத்தை மட்டும் மேஜையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.