இன்றைய பகுதி எது? கிறிஸ்தவச் சபைகளில் அன்றாட வேத வாசிப்பு

புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஓராண்டில் முடித்துவிடலாம். ஆதியாகமத்தில் தொடங்கி இந்தக் கணக்குப்படி போகிறவர் ஜனவரி முடிவதற்குள் லேவியராகமத்தின் பலிச் சட்டங்களுக்குள் நுழைந்துவிடுகிறார். பலருடைய புத்தாண்டுத் தீர்மானம் அங்கேயே நின்றும் விடுகிறது. தனியாளின் உறுதியை மட்டும் நம்பிய வாசிப்பு நெடுநாள் ஓடாது என்பதைத் திருச்சபை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. இன்று எதை வாசிப்பது என்ற முடிவை அது வாசகரின் கையில் விடாமல், எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒழுங்கிடம் ஒப்படைத்தது. அந்த ஒழுங்கை யார் வகுப்பது என்பதில்தான் முறைகள் வேறுபட்டன.

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய துறவற விதிகள் 150 சங்கீதங்களையும் வாரத்துக்கு ஒருமுறை பாடி முடிக்கச் சொல்கின்றன. அவற்றின் 48-ஆம் அத்தியாயம் கைவேலைக்கும் வாசிப்புக்கும் நேரத்தைப் பங்கிடுகிறது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் கொடுக்கப்படும். அதை அவர் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். வாசிப்பு நேரத்தில் சோம்பியிருப்பவரையும் வீண்பேச்சுப் பேசுபவரையும் கவனிக்க மூத்தவர் ஓரிருவர் மடத்தைச் சுற்றிவர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. துறவிகளுக்கும் கவனம் சிதறத்தான் செய்தது.

மடத்துக்கு வெளியே, சாதாரண மக்களுக்கு இத்தகைய ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களில் கான்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மர் முக்கியமானவர். 1549-இல் வெளிவந்த ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தில் காலை, மாலை ஆராதனைகளுக்கான பாட அட்டவணையை அவர் அமைத்தார். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை, புதிய ஏற்பாடு மூன்று முறை, சங்கீதங்கள் மாதம் ஒருமுறை வாசிக்கப்படும். அதற்கு முன்பிருந்த வழக்கத்தில் புத்தகங்கள் தொடங்கப்பட்டனவே தவிர முடிக்கப்படவில்லை என்று அதன் முன்னுரை குறைப்படுகிறது. மக்கள் வாசிப்பதற்கு மலிவான பிரதிகளும் வேண்டும். 1710-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொடங்கப்பட்ட கான்ஸ்டைன் வேதாகம நிறுவனம் இந்தத் தேவைக்கென்றே எழுந்தது. ஒருமுறை கோத்த அச்செழுத்துகளைக் கலைக்காமல் வைத்திருந்து திரும்பத் திரும்ப அச்சிட்டதால் விலை குறைந்தது. அதே ஹாலேயின் பக்தி இயக்கத்திலிருந்து 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

அன்றாட வாசிப்பின் வரலாற்றில் மிகவும் விசித்திரமான முறை சாக்சனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் பிறந்தது. மொராவியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள் 1722-இல் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் அமைத்த குடியிருப்பு அது. 1728 மே 3 மாலை, பாடல் கூட்டத்தின் முடிவில் மறுநாளுக்கென்று ஒரு வரியைச் சின்சென்டார்ஃப் கொடுத்தார். அன்று முதல் அந்தந்த நாளுக்குரிய வாக்கைச் சகோதரர்கள் வீடு வீடாக எடுத்துச் சென்றார்கள். வாக்கைச் சொல்லப் போனவர், அந்த வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார், யாருக்கு மனக்கசப்பு என்பதையும் அறிந்து வந்தார். வாசிப்பும் மேய்ப்பும் ஒரே நடையில் முடிந்தன. 1731-ஆம் ஆண்டுக்கான வாக்குகள் முன்கூட்டியே புத்தகமாக அச்சிடப்பட்டன. ‘லோசுங்கன்’ என்னும் அந்த வெளியீடு இன்றுவரை ஆண்டுதோறும் வருகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வாசிக்கப்படுகிறது.

இதில் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப் போட்டு எடுக்கப்படுகிறது. ஏறத்தாழ 1,800 வசனங்கள் கொண்ட தொகுப்பிலிருந்து, சுமார் மூன்று ஆண்டுகளுக்கு முன்னதாகவே, ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று ஹெர்ன்ஹூட்டில் எடுக்கப்படும். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தையும் ஒரு பாடல் அடி அல்லது ஜெபத்தையும் மனிதர்கள் தேர்ந்து சேர்க்கிறார்கள். சீட்டு முறையைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் எந்தப் போதகரும் தன் விருப்பமான வசனத்தைச் சபையின் தலையில் கட்ட முடியாது என்பதும் அந்த முறையால்தான். 1732 முதல் கரீபியத் தீவுகளுக்கும் கிரீன்லாந்துக்கும் போன மொராவிய மிஷனரிகளுக்கும், 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய சகோதரர்களுக்கும், ஊரில் விட்டுவந்தவர்களோடு அன்றாடம் எஞ்சியிருந்த தொடர்பு அந்த ஒரே வசனம்தான். ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த ஆண்டுகளிலும் எல்லையின் இரு பக்கத்தாரும் ஒரே நாளில் ஒரே வாக்கை வாசித்தார்கள். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தமிழ்ச் சபைகள் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் இதற்கு உறவான வழக்கம்தான். ஆனால் அங்கே அட்டை எடுத்தவருக்கே சொந்தம், ஊருக்குப் பொது அல்ல.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மரே மக்ஷேன் சீட்டை நம்பவில்லை, வரிசையை நம்பினார். 1842 டிசம்பர் இறுதியில் தன் சபைக்கு அவர் வகுத்துக் கொடுத்த அட்டவணையில் நாளுக்கு நான்கு அதிகாரங்கள்: இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனி ஜெபத்துக்கு. ஜனவரி 1 அன்று ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நான்கும் ஒன்றாகத் தொடங்கும். ஆண்டு முடிவில் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும், மற்றவை ஒரு முறையும் முடிந்திருக்கும். லேவியராகமத்தில் சிக்கிக்கொள்பவருக்கு இந்த அமைப்பில் எப்போதும் வேறொரு கதவு திறந்திருக்கிறது. மந்தை எங்கே மேய்கிறது என்று மேய்ப்பருக்குத் தெரியும், வழியில் சந்திக்கும் நண்பர்களுக்குப் பேச்சுப் பொருள் கிடைக்கும் என்று பயன்களைச் சொன்ன மக்ஷேன், ஆபத்துகளையும் மறைக்கவில்லை. வெறும் சடங்காகிவிடுவது, வாசித்துவிட்டோம் என்ற சுயதிருப்தி, கவனமற்ற வேகம், சுமக்க முடியாத நுகம் ஆகியவற்றை அவரே எச்சரித்தார். அடுத்த மார்ச்சில், 29 வயதில், அவர் இறந்தார். அட்டவணை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நான்கு அதிகாரம் தாங்காது. லண்டனில் 1867-இல் தொடங்கிய சிறுவர் ஊழியத்திலிருந்து 1879-இல் உருவான ஸ்கிரிப்சர் யூனியன், நாளுக்குச் சில வசனங்கள் குறித்த சிறு அட்டையை அச்சிட்டுக் கொடுத்தது. பின்னர் விளக்கக் குறிப்புகள் சேர்ந்தன. அனுதின தியான நூல்கள் பலவற்றுக்கும் இதுவே அச்சு: ஒரு பகுதி, ஒரு விளக்கம், ஒரு ஜெபம். விளக்கம் வளர வளரப் பகுதி சுருங்கியது இந்த வகையின் பலவீனம். பல தியான நூல்களில் வேதம் ஒரு வரி, ஆசிரியர் ஒரு பக்கம்.

தியான நூல்கள் தனியாளுக்கானவை; சபை முழுவதற்குமான ஒழுங்கும் தொடர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் 1969-இல் வந்த புதிய வாசக ஒழுங்கு ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்றையும், பொதுக்கால வாரநாட்களின் முதல் வாசகத்துக்கு ஈராண்டுச் சுற்றையும் வகுத்தது.

துண்டு வசனமா, தொடர் வாசிப்பா என்ற கேள்வியைக் கடுமையாக எதிர்கொண்டவர் ஜெர்மன் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். நாஜி அரசுக்குப் பணியாத அறிக்கைத் திருச்சபைக்காக 1935-இல் அவர் தலைமையில் தொடங்கிய போதகர் பயிற்சிப் பள்ளி, பின்னர் ஃபின்கன்வால்டேயில் அமைந்தது. அங்கே தினமும் அரை மணி நேர மௌன தியானம். ஒரு வாரம் முழுதும் எல்லோருக்கும் ஒரே சிறு பகுதி. அதைப் பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கப் பயன்படுத்தக் கூடாது. மாணவர்கள் முணுமுணுத்தார்கள். இதில் மடத்து வாடை அடிக்கிறது என்று இறையியலாளர் கார்ல் பார்த்தும் கடிதத்தில் ஐயப்பட்டார். 1937-இல் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ பள்ளியை மூடியது. சிதறிய மாணவர்களுக்குப் போன்ஹோஃபர் அனுப்பிய சுற்றுக் கடிதங்களில் அந்தந்த வாரத்துக்குரிய தியானப் பகுதியும் சென்றது. லோசுங்கனை அவர் அன்றாடம் வாசித்தார். 1939-இல் நியூயார்க்கில், ஜெர்மனிக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்று தவித்த நாட்களின் குறிப்பேட்டிலும், பிறகு டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களிலும் அந்த வசனங்கள் வருகின்றன. ஆனாலும் 1939-இல் வெளிவந்த தம் நூலில், அன்றன்றைய ஒற்றை வசனம் தொடர் வாசிப்பின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றார். கூடிவாழும் குடும்பம் காலையும் மாலையும் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும் புதிய ஏற்பாட்டில் அரை அதிகாரமுமாவது வாசிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

2008 முதல் யூவெர்ஷன் போன்ற செயலிகள் இந்த முறைகளையெல்லாம் கைபேசிக்குள் கொண்டுவந்துள்ளன. ஏராளமான திட்டங்களில் எதையும், எந்தத் தேதியிலும் தொடங்கலாம். விட்ட நாட்களுக்கு ஏற்ப நாட்காட்டியே நகர்ந்து கொடுக்கும். லேவியராகமத்தில் நின்றவருக்கு இது பெரிய சலுகை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இன்று எந்த அதிகாரத்தில் இருக்கிறார் என்பது இதில் தானாகத் தெரிந்துவிடாது. இந்தக் குறையைச் சில சபைகள் வாட்ஸ்அப் குழு வைத்துச் சரிசெய்கின்றன. விடியற்காலையில் அன்றைய அதிகாரத்தின் பெயர் எல்லோருக்கும் போகிறது. வாசித்தவர்கள் பதில் போடுகிறார்கள். இரண்டு நாள் பதில் வராத வீட்டுக்குப் போதகரின் அழைப்பு போகிறது.