மலைக்கும் எண்ணுக்கும் நடுவே

ஜான் மெக்ஃபீயின் 'ஆனல்ஸ் ஆஃப் த ஃபார்மர் வேர்ல்ட்' நூலை நிலவியலின் இதிகாசம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். 1981 முதல் 1993 வரை தனித்தனியாக வந்த நான்கு நூல்களோடு ஐந்தாவதாக ஒரு பகுதியை எழுதிச் சேர்த்து, 1998இல் ஒரே தொகுப்பாக்கினார். மறு ஆண்டு புலிட்சர் பரிசு. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ஐ-80 நெடுஞ்சாலையில், சாலைக்காக மலையை அறுத்த இடங்களில், நிலவியலாளர்களோடு நின்று பாறை அடுக்குகளைப் பார்க்கிறார். நூலின் கதை அவ்வளவுதான். நாம் இன்று 'ஆழ்காலம்' என்று மொழிபெயர்க்கும் 'டீப் டைம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான்.

இருந்தாலும் இந்த நூலோடு எனக்கொரு சண்டை உண்டு.

இதில் மலைகள் அற்புதமாக எழுதப்பட்டிருக்கின்றன. மனிதர்கள் அதைவிட. வயோமிங்கின் நிலவியலாளர் டேவிட் லவ்வைப் பற்றிய பகுதியில், 1905இல் அந்தப் பொட்டல்வெளிக்கு டீச்சராக வந்த அவருடைய அம்மாவின் நாட்குறிப்பு வழியாக ஒரு நாவலே ஓடுகிறது. ஆனால் பாறைகளின் வயது? அது பெரும்பாலும் ஆகாயத்திலிருந்து விழுகிறது. ஒருவர் சுத்தியலோடு நிற்பார், பாறையைப் பார்ப்பார், இத்தனை கோடி ஆண்டு என்று ஒரு எண் வந்துவிடும். அந்தச் சுத்தியலுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே பல்கலைக்கழக ஆய்வகத்தில் யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவியின் பல மாத வாழ்க்கை இருக்கிறது. அதைத்தான் நான் தேடுகிறேன்.

சரி, அந்த லேபில் என்னதான் நடக்கிறது?

மலையிலிருந்து மூட்டையில் வரும் கிரானைட்டை முதலில் கிரஷரில் போட்டு உடைக்க வேண்டும். பிறகு அரைத்து, சலித்து, தண்ணீர் ஓடும் ஆட்டுமேசையில் விட்டால் கனமான மணிகள் ஒரு பக்கம் ஒதுங்கும். காந்தத்தால் இரும்புச் சத்துள்ளவற்றை விலக்கி, அடர்திரவத்தில் போட்டால் லேசானவை மிதக்கும், சிர்க்கான் மூழ்கும். கடைசியில் மைக்ரோஸ்கோப் அடியில் ஊசியை வைத்துக்கொண்டு மணி மணியாகப் பொறுக்க வேண்டும். நம் வீடுகளில் முறத்தை வைத்துச் செய்த புடைத்தல், கொழித்தல், கல் பொறுக்குதல் எல்லாம்தான். ஒரு மூட்டைக் கல்லிலிருந்து கிடைப்பது ஒரு சிட்டிகை.

இவ்வளவு பாடு எதற்கு? சிர்க்கான் படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. எனவே இன்று அதனுள் இருக்கும் ஈயத்தில் பெரும்பங்கு யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம் 235க்கு 70 கோடி. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால், நடுவில் அந்தப் பாறைக்கு ஏதோ நடந்திருக்கிறது.

எழுத்தாளர்கள் மறக்காமல் எழுதுவது இந்தக் கடிகார உவமையைத்தான். நான் படிக்க விரும்புவது கிரஷரைத் துடைக்கும் காட்சியை. முந்தின மாதிரியின் ஒரு மணி இடுக்கில் தங்கிவிட்டால், அடுத்த மலைக்கு வேறொரு மலையின் வயது வந்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் கழற்றி, பிரஷ் போட்டு, காற்றடித்து, ஆல்கஹாலால் துடைக்கிறார்கள். வயதைச் சொல்வது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அதை நம்பலாம் என்று ஆக்குவது இந்தத் துடைப்பு வேலை.

பூமியின் வயதே இப்படித் துடைத்துத் துடைத்துக் கிடைத்ததுதான். 1948இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிளேர் பேட்டர்சன் என்ற மாணவர் சிர்க்கானில் ஈயத்தை அளக்கத் தொடங்கியபோது எண்கள் தாறுமாறாக வந்தன. ஈயம் காற்றில் இருந்தது, தூசியில் இருந்தது, ரசாயனங்களில் இருந்தது. பிறகு கால்டெக்கில் மிகச் சுத்தமான ஓர் ஆய்வகத்தை உண்டாக்கி, விண்கற்களை அளந்து, 1956இல் பூமியின் வயதை 455 கோடி ஆண்டு, கூடக்குறைய 7 கோடி என்று வெளியிட்டார். அந்த ஈயம் எங்கிருந்துதான் வருகிறது என்று அவர் தொடர்ந்து தேடியபோது பெட்ரோல் மாட்டிக்கொண்டது. எண்ணெய், ஈயக் கம்பெனிகளோடு பல ஆண்டுப் போராட்டம். ஈயம் கலந்த பெட்ரோலை வாகனங்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இல். லேபைச் சுத்தம் செய்வது கதைக்கு வெளியே நடக்கும் எடுபிடி வேலை என்று நினைக்கிறவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இது.

மெக்ஃபீயால் முடியாதா என்றால், முடியும். அதனால்தான் சண்டை. 'இன் சஸ்பெக்ட் டெரெய்ன்' பகுதியில் வரும் அனிதா ஹாரிஸ் சுண்ணாம்புப் பாறையை அமிலத்தில் கரைத்து, கோனோடான்ட் என்ற பல் போன்ற நுண்ணிய புதைபடிவங்களைப் பொறுக்குகிறார். வெப்பம் ஏற ஏற அவை வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கறுப்பாகின்றன. அந்த நிறத்தை வைத்து, பாறை எவ்வளவு சூடு கண்டது, அங்கே எண்ணெய் இருக்க வாய்ப்புண்டா என்று சொல்லிவிடலாம். மெக்ஃபீ இதை எழுதும்போது மலைக்காட்சியில் இல்லாத ஒரு பதற்றம் உரைநடையில் வருகிறது. ஆனால் சிர்க்கானை வைத்து வயது கணிக்கும் கான்சஸ் பல்கலைக்கழகத்து வான் ஷ்மஸ் வரும் 'கிராசிங் த கிரேட்டன்' பகுதியோ ஐந்திலும் சின்னது, கடைசியாகச் சேர்த்தது. மலைகளுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள். வயதுக்கு மிச்சமிருந்த இடம்.

இதற்கு எதிர்முனையில் ஹோப் ஜாரனின் 'லேப் கேர்ள்' (2016). நிலவியல் துறைகளில் வேலைபார்த்த தாவர ஆய்வாளர் அவர். இதில் லேப்தான் வீடு. மானியப் பணக் கணக்கு வருகிறது, சகாவான பில் வேனில் குடியிருப்பது வருகிறது. ஹேக்பெர்ரி விதையின் ஓட்டில் இருப்பது ஓப்பல் என்று ஓர் இரவில் தெரிந்துகொண்டு, இந்த நொடியில் உலகத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் உணரும் இடம், நான் படித்த அறிவியல் எழுத்தில் மிகத் தனிமையான இடங்களில் ஒன்று. ஆனால் இங்கே எனக்கு வேறொரு குறை. ஜாரனின் லேபில் உழைப்பு தெரிகிறது, நட்பு தெரிகிறது. அந்த உழைப்பு ஒரு எண்ணை எப்படி நம்பத்தக்கதாக மாற்றுகிறது என்பது தெரிவதில்லை. சந்தேகம் அவருக்குத் தன் மேல் வருகிற அளவுக்கு அளவீட்டின் மேல் வருவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு நூல் குறைகிறது. மெக்ஃபீ எண்ணைத் தருகிறார், பாட்டை மறைக்கிறார். ஜாரன் பாட்டைத் தருகிறார், எண் வரை வருவதில்லை. இது வெறும் ரசனைக் குறை இல்லை. பாட்டைக் காட்டாமல் எண்ணை மட்டும் நீட்டினால் அது அருள்வாக்கு மாதிரி ஆகிவிடும். அருள்வாக்கை நம்பலாம் அல்லது தூக்கிப் போடலாம், கேள்வி கேட்க முடியாது. பூமிக்கு ஆறாயிரம் வயது என்கிறவரும் ஒரு எண்ணைத்தான் நீட்டுகிறார். அவரிடம் இல்லாதது ± குறி.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்க்கான் மணிக்கு 2001இல் வெளியான வயது 440 கோடியே 40 லட்சம் ஆண்டு, ± 80 லட்சம். மணியின் அளவு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அது பிறந்த பாறை எப்போதோ கரைந்துபோய்விட்டது. உள்ளே ஈயம் இடம் மாறியிருந்தால் இப்படிப்பட்ட வயதெல்லாம் தப்பாயிற்றே என்று சந்தேகம் இருந்தது. 2014இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜான் வேலியின் குழு, அதே மலையிலிருந்து எடுத்த 437 கோடி ஆண்டு வயதுள்ள இன்னொரு மணியில் அணுக்களையே தனித்தனியாக அடையாளம் கண்டு பார்த்தது. ஈயம் நகர்ந்திருந்தது. ஆனால் மிகச் சிறிய தூரம்தான், வயதைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை.

அந்த ± 80 லட்சத்துக்குள் மனித இனத்தின் மொத்த வரலாறும் அடங்கி, மேலே இடமும் மிச்சமிருக்கும். இந்த அளவுக்கு எங்களுக்குத் தெரியாது என்று ஒரு லேப் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் இடம் அது. மெக்ஃபீயின் மலைகளுக்கு இணையாக அந்தக் குறியை யாராவது எழுத வேண்டும். அதுவும் கிரஷரைத் துடைத்த மாணவியே எழுதினால் இன்னும் நல்லது.