கால் சுற்று

நம் பள்ளிப்பட்டிலிருந்து சென்னை அண்ணா சாலை நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இருக்கிறது. கிட்டார் வாங்கப் போகலாம், கம்பி வாங்கப் போகலாம். மூன்றாவது கம்பி ஐந்தாம் மெட்டில், அதாவது ஃப்ரெட்டில், ‘ஸ்ர்ர்’ என்று உரசுகிறது என்பதற்காக யாரும் பஸ் ஏறுவதில்லை. உரசலோடே வாசித்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் திருவிழா மேடைக் கச்சேரியிலும் நம் பக்கத்தில் கேட்கிற எலெக்ட்ரிக் கிட்டார்கள் பலவும் அப்படி உரசிக்கொண்டே பாடுபவைதான். வாசிப்பவர் கைமேல் பழி போடுவோம். பெரும்பாலும் கைமேல் குற்றமே இருக்காது.

கிட்டாரைச் சரிசெய்ய வேண்டிய கருவிகளில் முக்கால்வாசி ஊரிலேயே, வேறு தொழில்காரர்களின் பையில் கிடக்கின்றன. எனக்கு அவற்றில் முதலில் பிடித்தது, பைக் மெக்கானிக்குகள் ஃபில்லர் கேஜ் என்று சொல்லும் பொருள். விசிறிபோல விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். மெக்கானிக் அதை வைத்து டேப்பட் இடைவெளி பார்ப்பார். கிட்டார்க்காரன் அதே தகட்டை வைத்துக் கழுத்தின் வளைவைப் பார்க்கிறான்.

கிட்டார்க் கழுத்து நேராக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இருக்கக் கூடாது. அதிர்கிற கம்பி நடுவில்தான் அகலமாக வீசும். அந்த வீச்சுக்கு இடம் விட, கழுத்து மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல் (கம்பியை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வி இருந்தால் நல்லது, ஒரு கை மிச்சம்), கடைசி ஃப்ரெட்டில் ஒரு விரல் வைத்துத் தடித்த கம்பியை அழுத்தினால், அந்தக் கம்பியே ஒரு நேர்கோடாகிவிடும். எட்டாம் ஃப்ரெட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் கழுத்தின் குழிவு. கால் மில்லிமீட்டர் தகடு கம்பியைத் தூக்காமல், தொட்டும் தொடாமலும் நுழைந்து வந்தால் சரி. கம்பியை அளவுகோலாக்கி, அதைத் தாங்கும் மரத்தையே அளந்துவிடுகிற இந்த யோசனை இருக்கிறதே, இதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அளந்தாயிற்று, திருத்துவது ஆலன் கீயின் வேலை. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி கிப்சன் கம்பெனியில் பிறந்தது. அங்கே வேலை செய்த தாடியஸ் மெக்ஹ்யூவுக்கு 1923இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பத்தாம் நம்பர் கம்பிக் கட்டு ஏற்றிய கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து நாற்பது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன; ராட் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. வலப்புறம் திருகினால் குழிவு குறையும், இடப்புறம் திருகினால் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. திருகியபின் மறுபடி சுருதி சேர்த்து, சற்று விட்டு, மறுபடி தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். மரம் சொன்ன உடனே கேட்காது. கீயும் பொருந்திய அளவாக இருக்க வேண்டும். ஃபெண்டர் வகைகளில் எட்டில் ஒரு அங்குலமோ நான்கு, ஐந்து மில்லியோ இருக்கும்; கிப்சனில் ஆலன் கீயே நுழையாது, பதினாறில் ஐந்து அங்குலக் குழல் சாவி வேண்டும். ‘கிட்டத்தட்ட சரி’யான கீயைப் போட்டு ஆறுமுனைப் பள்ளத்தை வட்டமாக்கிவிட்டால், கழுத்தையே கழற்றி எறிய வேண்டிவரலாம்.

சித்திரை வெயிலில் நம் ஊர்க் காற்று அனல். ஐப்பசியில் சுவரே வியர்க்கும். மரம் இரண்டுக்கும் அசையும். வெயில் காலத்தில் விரற்பலகை சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது தகட்டை எடுக்காமல் முடியாது. இதைத் தொல்லை என்பவர்கள் ப்ளாஸ்டிக் புல்லாங்குழல் வாசிக்கலாம்.

அந்த விரற்பலகை பல கிட்டார்களில் நம்மூர் மரம். பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போன பிறகு உலகத்துக் கிட்டார் தொழிற்சாலைகள் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறின. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி. தமிழ்நாட்டில் அதை வெட்டக் கட்டுப்பாடு போட்டு 1994இல் தனிச் சட்டமே வந்தது. கம்பி மாற்றும்போது ஒரு துளி எலுமிச்சை எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ தடவித் துடைத்தால் அந்தக் கருஞ்சிவப்பு வரிகள் மேலே வரும். அரக்குப் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை; ஈரத் துணி போதும்.

குழிவு சரியானபின் உயரம். ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, அரை மில்லி கோடு தெளிவாக இருந்தால் போதும். பதினேழாம் ஃப்ரெட்டில் கம்பியின் அடிக்கும் ஃப்ரெட்டின் தலைக்கும் நடுவே 1.6 மில்லி என்பது ஃபெண்டர் கம்பெனி சொல்லும் அளவு. கம்பி உட்காரும் சாடிலின் ஓரத்தில் இருக்கும் இரண்டு குட்டித் திருகுகளை 1.5 மில்லி ஆலன் கீயால் (அமெரிக்கக் கிட்டாரென்றால் 0.05 அங்குலம்) ஏற்றி இறக்கலாம். ஆனால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. அவை கார்டு பிடிப்பவர்களையும் வேகமாக ஓடுபவர்களையும் மனத்தில் வைத்து எழுதியவை. கமகம் வாசிக்கிறவன் கம்பியை ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்து, அங்கேயே நிறுத்தி அசைக்க வேண்டும். விரற்பலகை குறுக்குவாட்டில் வளைந்தது. உயரம் போதாவிட்டால் இழுத்த கம்பி அந்த முதுகில் மோதிச் செத்துப்போகும். பழைய ஃபெண்டர் கழுத்துகளின் ஏழேகால் அங்குல ஆரத்தில் இது இன்னும் மோசம். இராணிப்பேட்டைக்காரரான பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? ஸ்வரம் வழுக்கிப் போய்ச் சேர்ந்த இடத்திலும் நாதம் உயிரோடு நிற்கும். வித்தை அவருடையதுதான். ஆனாலும் அப்படி நிற்க, கம்பிக்குக் கீழே காற்று வேண்டும்.

உயரத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மெட்டிலும் ஸ்வரம் சரியாக விழ வேண்டும். வீணையில் அதற்கு நம்மவர்கள் கண்ட வழி வேறு. தேன்மெழுகும் கரியும் கலந்த கறுப்பு மேடையில் 24 மெட்டுகளை அழுத்திப் பதிப்பார்கள். மேளம் கட்டுதல் என்பது இதுதான். காதால் கேட்டு, மெட்டைத் தலைமுடி அளவு நகர்த்தி, மறுபடி கேட்டு, மெழுகை இறுக விடுவார்கள். மெழுகு இளகினால் மேளம் கலையும். கலைந்தால் மறுபடி கட்டலாம். மரம் துளியும் குறைவதில்லை. கிட்டாரில் ஃப்ரெட்டுகள் மரத்தில் அறைந்தவை. ஒவ்வொரு ஃப்ரெட்டும் மிச்சமிருக்கும் கம்பி நீளத்தில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி வரும். லூட் வாத்தியத்துக்கு அந்தப் பதினெட்டுக் கணக்கை எழுதிவைத்தவர் வின்சென்சோ கலிலேய், தொலைநோக்கி கலிலியோவின் அப்பா. ஃப்ரெட் நகராது என்றால், கம்பியின் மறுமுனை நகர வேண்டும்.

அதற்கு ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர். கம்பியை அழுத்தும்போதே அது சற்று இழுபட்டு, சுருதி ஏறும். தடித்த கம்பியில் அதிகம் ஏறும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே கம்பியை விரலால் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு நாதம் வரும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தியது ட்யூனரில் மேலே காட்டினால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளு; கீழே காட்டினால் முன்னுக்கு இழு. புதுக் கம்பி போட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். துருவேறிய கம்பி எதற்கும் ஒத்து வராது. ஆறு கம்பிக்கும் முடித்துவிட்டு சாடில்கள் உட்காரும் பிரிட்ஜை மேலிருந்து பாருங்கள். மெல்லிய மூன்று கம்பிகளின் சாடில்கள் படிப்படியாகப் பின்னுக்குப் போகும்; சுற்றுக்கம்பி தொடங்கும் நான்காவதில் சட்டென்று முன்னால் வரும்; மறுபடி படிப்படியாகப் பின்னே. யாரும் வரைந்து கொடுக்காமல், ஒலியே கேட்டு வாங்கிக்கொண்ட வரிசை அது. நன்றாகச் சேர்த்த கிட்டாரை வாசிக்காமலே அடையாளம் காணலாம்.

கழுத்துத் தலையில் நட் என்ற எலும்பு அல்லது ப்ளாஸ்டிக் துண்டு. சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று கம்பி தாவினால் அது பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பென்சிலால் அந்தப் பள்ளத்தில் கிறுக்கினால் போதும். கிராஃபைட் தடவிய கம்பி வழுக்கிப் போகும். அந்தப் பென்சிலும் என் பெட்டியில் ஆலன் கீ பக்கத்திலேயேதான் இருக்கும். கம்பி நுனி வெட்ட எலெக்ட்ரீஷியனின் கட்டிங் பிளேயர்.

மின்சாரப் பக்கத்துக்கு வருவோம். நம் ஊரிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் விசைத்தறி ஓடும் தெருக்களில் ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள கிட்டாரைச் செருகினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அது 50 ஹெர்ட்ஸ்; கிட்டத்தட்ட கீழ் ஜி ஸ்வரம். ஜி கார்டு வாசிக்கும்போது மட்டும் அது துணைச் சுருதியாகிவிடும்! இரட்டைக் காயில் வைத்து இதை அடக்கும் ஹம்பக்கரை கிப்சனில் சேத் லவர் 1955இல் செய்தார். கம்பியைத் தொட்டால் முனகல் குறைகிறதா? அப்படியானால் எர்த் ஒயர் பிடித்திருக்கிறது. குறையவே இல்லை என்றால் பிரிட்ஜ் எர்த் அறுந்திருக்கலாம். சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டியதுதான். சின்ன இணைப்புகளுக்கு 25 வாட் போதும், வால்யூம் பொட்டின் முதுகில் ஒட்ட 40 வாட் தேவைப்படும். ரெசின் உள்ளோடிய ஈயம் வாங்குங்கள். தகரப் பட்டறையின் ஆசிட் ஒயரைத் தின்றுவிடும். ஆம்ப்ளிஃபயரின் மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிற வழக்கம் மட்டும் வேண்டாம். கம்பியில் கை, மைக்கில் உதடு, உயிர் போகும்.

அரம் பற்றி ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆன்லைனில் விற்கும் கிட்டார்ப் பெட்டிகளில் அதுதான் பளபளவென்று முன்னால் நிற்கிறது: நட் அரம், ஃப்ரெட் அரம், மட்டம் பார்க்கும் கட்டை. இதுவரை சொன்ன எதையும் நாளைக்கே பழைய நிலைக்குத் திருப்பலாம். அரம் எடுத்ததைத் தராது. நட் பள்ளம் தலைமுடி அளவு ஆழமாகிவிட்டால் சோடா மாவும் ஃபெவிக்விக்கும் போட்டு அடைத்துப் பார்ப்பார்கள், அது ஒப்பேற்றல்தான். ஃப்ரெட்டில் கம்பி பள்ளம் பறித்து உரசுகிறது என்றால் அப்போது பஸ் ஏறுங்கள். அல்லது, நல்ல பொற்கொல்லர் அருகில் இருந்தால், செத்த கிட்டார் ஒன்றைக் கொடுத்து அவர் அரம் பிடிப்பதை முதலில் பாருங்கள்.

என் கிட்டாரின் உயரம் 2 மில்லி. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வேகமாக வாசிக்கிறவன், ஒன்றரைக்கும் கீழே வைத்திருக்கிறான். என்னுடையதை வாங்கி இரண்டு வரி வாசித்துவிட்டு, “என்னண்ணா, கட்டிலுக்குக் கயிறு கட்டின மாதிரி இருக்குது” என்றான். அவனுடையதில் நான் ஒரு காந்தாரத்தை அசைக்கப் போனேன், நாதம் பாதியில் நின்றது. இருவரும் அவரவர் ஆலன் கீயை மற்றவரிடம் கொடுப்பதில்லை.