கோட்டில்லாத பாதிரியும் தோள்சீலையும்

ஆண்களின் மேல்கோட்டுச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அதை வெட்டு, தையல், நீளம் இவற்றின் சரித்திரமாகவே எழுதிப் போகிறார்கள். வெல்வெட் காலர் வைத்த செஸ்டர்ஃபீல்ட், தோள்மேல் இன்னொரு துணி கவிந்த அல்ஸ்டர், கழுத்திலிருந்தே கை இறங்கும் ராக்லன், முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலிருந்து தெருவுக்கு வந்த ட்ரெஞ்ச் கோட்டு என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் காரணமாகக் குளிர் இருக்கிறது. ஆனால் கோகோல் 1842இல் வெளியிட்ட ‘மேல்கோட்டு’ கதையிலேயே குளிர் பாதிக் காரணம்தான். புதுக் கோட்டு வந்த பிறகே அந்தக் குமாஸ்தா சக ஊழியர்களின் கண்ணுக்கு மனிதனாகத் தட்டுப்படுகிறான்.

மீதிக் காரணத்தைக் குளிரே இல்லாத ஓரிடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாஞ்சில் நாட்டு மயிலாடி அப்படியோர் இடம். 1806இல் இங்கு வந்து, 1809இல் ஆலயம் எழுப்பிய லண்டன் மிஷன் பாதிரி ரிங்கல்தௌபே பெரும்பாலும் கோட்டில்லாமலே திரிந்தவர். பாளையங்கோட்டைக்குப் போகும்போது நண்பர் யாராவது கொடுத்தால் உண்டு. சம்பளம் ஏழை ஜனங்களுக்குச் செலவாயிற்று. 1816இல் இவ்வூரை விட்டுக் கிளம்பி மதராஸ் போய்ச் சேர்ந்தபோதும் உடம்பில் கோட்டு இல்லை. தலையில் உள்ளூரில் முடைந்த தொப்பி.

அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களின் நிலை நேர்மாறானது. அவர்களில் பெரும்பாலோர் பிறந்த சாதிகளில் ஆணும் பெண்ணும் இடுப்புக்கு மேல் துணி போடுவது திருவிதாங்கூரில் விலக்கப்பட்டிருந்தது. 1814இல் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் அனுமதிக்கப்பட்டது. குப்பாயம் போதும், அதன்மேல் தோள்சீலை கூடாது என்றது 1829 பிரகடனம். 1859 பிரகடனம் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டும், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியலாகாது என்று ஒரு நிபந்தனையை மிச்சம் வைத்தது. ராஜ்யம் பயந்தது துணிக்கல்ல, பாணிக்கு. தையற்காரனின் விஷயமென்று நாம் ஒதுக்குகிற பாணி, இங்கே உதையும் தீவைப்பும் கண்ட விஷயம்.

நம் விமர்சனப் பிரக்ஞைக்கு இது இன்னும் எட்டவில்லை என்றே படுகிறது. கோட்டு மாட்டிய உள்ளூர்க்காரன் நம் எழுத்தில் கேலிப் பாத்திரமாகிவிடுகிறான். துறந்தவனோ சுலபமாக மகான் ஆகிறான். 1921இல் மதுரையில் காந்தி சட்டையைத் துறந்தது பெரிய காரியம்தான். ரிங்கல்தௌபேயின் எளிமையும் அப்படியே. ஆனால் துறப்பதற்கு முதலில் உரிமை கையில் இருக்க வேண்டும். அது மறுக்கப்பட்ட பரம்பரையிலிருந்து வந்த அம்பேத்கர் கோட்டணிந்து நின்றதை வெள்ளைக்காரப் பாவனை என்று சொல்கிற விமர்சகன், 1859இன் நிபந்தனையைத்தான் வேறு பாஷையில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறான்.